வீட்டுக் காருக்கு ரேஸ் ஆயில்: எது யாருக்குப் பொருந்தும்?

கோவையிலும் சென்னையிலும் கார் பைத்தியம் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை டிராக் என்று இரண்டு பந்தயத் தளங்கள் அருகிலேயே இருக்கின்றன. 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தெருவிலேயே இரவுப் பந்தயம் நடந்தது. இதையெல்லாம் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு அடுத்த ஆயில் சேஞ்சின்போது ஓர் ஆசை வரும். ரேஸ் காருக்கு ஊற்றுகிற ஆயிலையே நம் காருக்கும் ஊற்றினால் என்ன? கடைக்காரரும் சும்மா இருக்கமாட்டார். "பிக்கப் நல்லா இருக்கும் சார், எஞ்சின் சத்தமே கேக்காது" என்பார்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான கார்களுக்கு அது வேண்டாம். ரேஸ் ஆயில் மட்டமான சரக்கு என்பதால் அல்ல. மிக நல்ல ஆயில்தான், ஆனால் வேறொரு வேலைக்காகச் செய்தது. சில கார்களுக்கு அது பொருந்தவும் செய்யும், அதையும் பார்ப்போம்.

நம் முன்னால் இருப்பது நான்கு வழிகள். முதலாவது, பந்தயத்துக்கு மட்டுமே என்று தயாரிப்பாளரே சொல்லி விற்கும் அசல் ரேஸ் ஆயில். இரண்டாவது, டின்னில் 'ரேசிங்' என்று போட்டிருந்தாலும் சாலைக் காரிலும் ஓரளவு ஓட்டக்கூடியது. மூன்றாவது, காரோடு வந்த கையேட்டில் சொல்லியிருக்கும் கிரேடிலும் தரத்திலும் ஒரு நல்ல ஃபுல் சிந்தெடிக். நான்காவது, அதே மாதிரி சாலை ஆயில்தான், ஆனால் ஒரு படி தடிமன் கூடியது. மினரல் ஆயிலை ஊற்றி அடிக்கடி மாற்றிக்கொள்ளலாமே என்று ஐந்தாவதாக ஒன்றைச் சிலர் சொல்வார்கள். 0டபிள்யூ-20 (மிக மெல்லிய கிரேடு; கடைசி எண் பெரிதாகப் பெரிதாகச் சூடான எஞ்சினில் ஆயிலின் தடிமன் கூடும்) கேட்கிற இன்றைய எஞ்சினுக்கு அந்தக் கிரேடில் மினரல் ஆயிலே செய்ய முடியாது. எனவே அதை விட்டுவிடலாம்.

டின்னுக்குள் என்ன வித்தியாசம்?

எந்த எஞ்சின் ஆயிலை எடுத்தாலும் முக்கால் பங்குக்கும் மேல் அடிப்படை எண்ணெய்தான். மீதியில்தான் எல்லா வித்தையும். அழுக்கைக் கழுவும் டிடெர்ஜென்ட், கழுவிய அழுக்கை ஒன்று சேரவிடாமல் மிதக்க வைக்கும் டிஸ்பெர்சென்ட், தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம், நுரை கட்டாமல் இருக்க ஒன்று, துரு பிடிக்காமல் இருக்க ஒன்று என்று கலவை போகும். அந்தத் துத்தநாகச் சேர்மத்தை மெக்கானிக்குகள் 'ஜிங்க்' என்பார்கள், தொழில்நுட்பப் பெயர் ஜெட்டிடிபி. சூடும் அழுத்தமும் சேரும் இடத்தில், அதாவது வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் என்ற தண்டு, டேப்பெட் என்ற துண்டை அழுத்தும் இடத்தில், இது உலோகத்தின் மேல் ஒரு மெல்லிய கண்ணாடிப் படலமாகப் படிந்துகொள்ளும். ஆயில் படலம் கிழிந்தாலும் இரும்பும் இரும்பும் நேரடியாக உரசாது.

சிக்கல் என்னவென்றால், டிடெர்ஜென்டும் இந்த ஜிங்க்கும் அதே உலோகப் பரப்பில்தான் போய் ஒட்டப் பார்க்கின்றன. டவுன் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற கதைதான், முந்திக்கொண்டவருக்கு சீட். பந்தய எஞ்சினில் கேம்ஷாஃப்டைக் காப்பதுதான் முதல் வேலை என்பதால், ரேஸ் ஆயில் செய்கிறவர் ஜிங்க்கை ஏற்றி டிடெர்ஜென்டைக் குறைக்கிறார். கழுவும் சக்தி குறைந்தால் அவருக்கு நஷ்டமில்லை. பந்தயம் முடிந்ததும் ஆயிலை இறக்கிவிடுவார்கள், கசடு சேர நேரம் ஏது?

எண்களில் பார்த்தால் வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். 2004-ல் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) எஸ்எம் தரம் வந்ததிலிருந்து 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 போன்ற கிரேடுகளில் பாஸ்பரஸ் 800 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சத்தில் 800 பங்கை, தாண்டக்கூடாது. 2020-ல் வந்த ஏபிஐ எஸ்பி தரத்திலும் அதே வரம்புதான். வால்வோலின் விஆர்1 ரேசிங் ஆயிலில் இது 1300 அளவில் இருக்கும். மொபில் 1 ரேசிங் என்ற பந்தய வகையில் 1700-ஐயும் தாண்டும். அதைத் தயாரிப்பாளரே சாலைக் காரில் ஊற்ற வேண்டாம் என்றுதான் சொல்கிறார். வால்வோலினின் இன்னொரு வகைக்குப் பெயரே 'நாட் ஸ்ட்ரீட் லீகல்'. சுமார் 500 மைலுக்கு ஒருமுறை, அதாவது 800 கிலோமீட்டருக்கு ஒருமுறை, அதை மாற்றிவிட வேண்டும். நம் ஊர் கணக்கில் சொன்னால் சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போய்ச் சேர்ந்து, திரும்பும் வழியில் பாளையங்கோட்டையைத் தாண்டியதும் ஆயில் சேஞ்ச்.

நம் ஊரில் ரேஸ் ஆயில் என்றாலே பலர் நினைப்பது மோட்டுல் 300வி. பைக் ஓட்டும் இளைஞர்கள் மத்தியில் அதற்கு ஒரு தனி மவுசு. 1971-ல் அறிமுகமானது, அந்த நிறுவனத்தின் 300 பந்தய வெற்றிகளின் நினைவாகப் பெயர் பெற்றது. எஸ்டர் வகை அடிப்படை எண்ணெய் அதன் சிறப்பு. எஸ்டர் மூலக்கூறுக்கு மின்முனை உண்டு என்பதால் உலோகத்தில் நன்றாக ஒட்டும், கடும் சூட்டிலும் ஆவியாகிப் போகாது. எல்லாம் உண்மை. ஆனால் அதன் தொழில்நுட்பத் தாளில் எத்தனை கிலோமீட்டருக்கு மாற்ற வேண்டும் என்று தேடினால், பந்தய வண்டிகளுக்கு, உங்கள் பயன்பாட்டுக்கு ஏற்ப என்று மட்டும் இருக்கும். பத்தாயிரம் கிலோமீட்டர் தாங்கும் என்று அவர்கள் எங்கும் எழுதித் தரவில்லை.

(பைக்குக்கு ஆயில் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பைக்கில் கிளட்ச்சும் அதே ஆயிலில்தான் நனைகிறது. பைக் ஆயிலுக்கான ஜப்பானியத் தரமான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். காருக்கான 300வி வேறு, பைக்குக்கான 300வி வேறு.)

பந்தய எஞ்சினுக்கு ஒரு கஷ்டம், நம் எஞ்சினுக்கு வேறு கஷ்டம்

டிராக்கில் இருபது நிமிடம் முழு ஆக்சிலரேட்டரில் ஓடும் எஞ்சினின் ஆயில் 130 டிகிரியைத் தொடும், அதற்கு மேலும் போகும். வீட்டுக் காரில் பெரும்பாலும் 90-இலிருந்து 110-க்குள்தான். "நம்ம ஊர் வெயிலுக்கு திக்கான ஆயில்தான் சார் சரி" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். வெளியே 41 டிகிரி அடித்தாலும் எஞ்சின் தண்ணீரைத் தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டர் ஃபேனும் 90 டிகிரியை ஒட்டியே வைத்திருக்கும். ஊட்டியில் ஓடினாலும் வேலூரில் ஓடினாலும் சூடான எஞ்சினுக்குள் பெரிய மாற்றம் கிடையாது. மே மாத டிராஃபிக்கில் ஏசியோடு நின்றால் சில டிகிரி கூடும், அவ்வளவுதான். கையேட்டில் சொன்ன ஆயில் அதையும் கணக்கில் எடுத்துத்தான் தேர்ந்தெடுக்கப்பட்டது.

நம் காரின் உண்மையான எதிரி சூடு ஏறாமல் இருப்பது. தி.நகரிலிருந்து மயிலாப்பூருக்கு நாலு கிலோமீட்டர் போய் நிறுத்துகிறோம். டாஷ்போர்டில் தண்ணீர் சூட்டு முள் நடுவுக்கு வந்திருக்கும், ஆனால் ஆயில் இன்னும் சூடாகியிருக்காது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியாக ஆவியாகப் போனாலும், பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஒரு பங்கு கீழே இறங்கி ஆயிலோடு கலக்கிறது. எரியாத பெட்ரோலும் கூடவே வரும். நீண்ட தூரம் ஓட்டினால் இரண்டும் ஆவியாகி வெளியேறிவிடும். தினமும் நாலு கிலோமீட்டர் என்றால் தங்கிவிடும், அமிலமாகும், கசடாகும். ஆயில் மூடியைத் திறந்தால் உட்பக்கம் வெண்ணெய் போலப் படிந்திருப்பது இதனால்தான். இதைச் சமாளிக்கத் தேவை டிடெர்ஜென்டும், டிஸ்பெர்சென்டும், அமிலத்தை முறிக்கும் காரச் சத்தும். ரேஸ் ஆயிலில் எதைக் குறைத்தார்கள் என்று மேலே பார்த்தோமே, அதேதான். போதாக்குறைக்கு எஸ்டருக்கு ஈரம் ஆகாது, தண்ணீரோடு நெடுநாள் இருந்தால் மெல்லச் சிதையும்.

பந்தய அணிகளுக்கு இந்தக் கவலையே இல்லை. ஃபார்முலா 1 காரை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே தண்ணீரையும் ஆயிலையும் வெளியிலிருந்து சூடேற்றி உள்ளே செலுத்துகிறார்கள். அமெரிக்காவின் டாப் ஃப்யூயல் டிராக் பந்தயத்தில் கார் ஓடுவது சுமார் 300 மீட்டர். நைட்ரோமீத்தேன் எரிபொருள் ஆயிலோடு கலந்து கெடுத்துவிடுவதால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புது ஆயில். ஃபார்முலா 1-ல் இன்னொரு கூத்தும் நடந்தது. சில அணிகள் எஞ்சின் ஆயிலையே எரிபொருளாக எரித்துச் சக்தி கூட்டுகிறார்கள் என்ற சந்தேகம் வந்து, 100 கிலோமீட்டருக்கு 0.6 லிட்டருக்கு மேல் ஆயில் செலவாகக்கூடாது என்று 2018-லும், 0.3 லிட்டர்தான் என்று 2020-லும் கட்டுப்பாடு போட்டார்கள். அந்த ஊர் ஆயிலின் நியாயமும் நம் ஊர் ஆயிலின் நியாயமும் வேறு வேறு என்பது இதிலேயே தெரிகிறது.

புகை, டர்போ, டீசல் ஃபில்டர்

காசு கரைகிற இடம், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர். எந்த எஞ்சினும் கொஞ்சம் ஆயிலை எரிக்கத்தான் செய்யும். அப்படிப் போகும் பாஸ்பரஸ், கன்வெர்ட்டருக்குள் இருக்கும் பிளாட்டினம், பல்லேடியம் பூச்சின்மேல் கண்ணாடி போலப் படிந்து, புகை அந்த உலோகத்தைத் தொடவிடாமல் மூடிவிடும். 800 பிபிஎம் வரம்பு வந்ததே இதற்காகத்தான். ஒரே நாளில் எதுவும் ஆகாது. ஆனால் ஆயிலைக் கொஞ்சம் குடிக்கிற எஞ்சினில் வருடக்கணக்கில் 1700 பிபிஎம் ஆயில் ஓட்டினால் செக் எஞ்சின் விளக்கு எரியும் நாள் வரும். 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்6 புகை விதிப்படி, கன்வெர்ட்டரின் உடல்நிலையைக் காரே கண்காணிக்கிறது. புதுக் கன்வெர்ட்டர் விலை பல பத்தாயிரங்களில் போகும்.

பிஎஸ்6 டீசல் கார் என்றால் பதில் இன்னும் எளிது: ரேஸ் ஆயில் வேண்டவே வேண்டாம். டீசல் புகையின் கரியைப் பிடிக்கும் ஃபில்டரான டிபிஎஃப்பில் சேரும் கரியை எஞ்சின் அவ்வப்போது எரித்துவிடும். ஆயிலில் இருக்கும் உலோகச் சேர்மங்கள் விட்டுச்செல்லும் சாம்பலை எரிக்க முடியாது, அது உள்ளேயே தங்கும். அதனால்தான் ஐரோப்பியக் கார் தயாரிப்பாளர் சங்கமான ஏசியாவின் சி3 தர ஆயிலில் சாம்பல் 0.8 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். பழைய ஏ3/பி4 தரத்தில் அது 1.0 முதல் 1.6 வரை போகலாம். ரேஸ் ஆயிலில் சாம்பல் எவ்வளவு என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. பந்தய எஞ்சின்களில் பெரும்பாலும் டிபிஎஃப்பே கிடையாது, அவர்களுக்கு அந்தக் கவலை எதற்கு?

சின்ன டர்போ பெட்ரோல் எஞ்சின்களின் சங்கதி சுவாரசியமானது. ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர், நேரடி இன்ஜெக்ஷன் என்று இப்போது நிறைய வந்துவிட்டன. ஏற்காடு மலை ஏறும்போது கியரைக் குறைக்கச் சோம்பல்பட்டு 1500 ஆர்பிஎம்மிலேயே ஆக்சிலரேட்டரை அழுத்துகிறோம். அந்த நிலையில், ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. எல்எஸ்பிஐ என்று பெயர். பலமாக நடந்தால் பிஸ்டனில் ரிங் பள்ளங்களுக்கு இடையிலான விளிம்பே உடையும். இதில் ஆயிலுக்கும் பங்கு உண்டு. கால்சியம் வகை டிடெர்ஜென்ட் அதிகமாக இருந்தால் இது கூடும், மெக்னீசியம் வகையில் அவ்வளவு இல்லை. 2018-ல் எஸ்என் பிளஸ், 2020 மே மாதத்தில் எஸ்பி என்று புதுத் தரங்கள் வந்ததற்கு இது முக்கியக் காரணம். டைமிங் செயின் தேய்மானச் சோதனையும் எஸ்பியில் சேர்ந்தது. ரேஸ் ஆயில் இந்தச் சோதனைகளில் தோற்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் அது அந்தத் தேர்வை எழுதுவதே இல்லை. பந்தய எஞ்சின் 1500 ஆர்பிஎம்மில் மலை ஏறுவதில்லையே.

தடிமன் கூட்டினால் பாதுகாப்பு கூடுமா?

பலருக்கு ரேஸ் ஆயில் என்றால் 10டபிள்யூ-60, 15டபிள்யூ-50 என்று பெரிய எண்தான். 100 டிகிரியில் அளந்தால் 20 கிரேடு ஆயிலின் பாகுத்தன்மை 6.9-இலிருந்து 9.3-க்குள் இருக்கும், 60 கிரேடில் 21.9-இலிருந்து 26.1-க்குள். இரண்டரை மடங்குக்கு மேல். பந்தய எஞ்சினில் பேரிங் இடைவெளியைக் கொஞ்சம் கூடுதலாக வைப்பார்கள், ஆயிலும் மிகச் சூடாகி இளகிவிடும், பெட்ரோலும் கலந்து நீர்க்கும். தொடக்கத்திலேயே தடிமனாக இருந்தால்தான் கடைசிச் சுற்றில் போதிய கனம் மிஞ்சும்.

நம் வீட்டு எஞ்சினில் இடைவெளி குறைவு, சூடும் குறைவு. அதில் கெட்டியான ஆயிலை ஊற்றினால் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஆயில் பிரஷர் ஏறும், ஆனால் பம்ப்பின் ரிலீஃப் வால்வு திறந்து ஒரு பகுதி மறுபடியும் சம்ப்புக்கே, அதாவது அடியில் இருக்கும் ஆயில் தொட்டிக்கே, போய்விடும். பிரஷர் அதிகம் என்பதற்காக ஆயில் அதிகம் ஓடுகிறது என்று அர்த்தமில்லை. வால்வு டைமிங்கை மாற்றும் விவிடி அமைப்பு முழுக்க ஆயில் பிரஷரில், நூல் போன்ற துளைகள் வழியாகத்தான் வேலை செய்கிறது. ஆயில் கெட்டியானால் அது தாமதிக்கும், சில கார்களில் பிழைக் குறியீடும் விழும். மைலேஜும் கொஞ்சம் குறையும். கடைக்காரர் சொன்ன பிக்கப் கூடுவது கிடக்கட்டும், குறையாமல் இருந்தால் போதும் என்றாகிவிடும். எஞ்சின் சத்தம் குறைவது மட்டும் உண்மை. கெட்டி ஆயில் சத்தத்தை அமுக்கும். சத்தம் குறைவதும் தேய்மானம் குறைவதும் ஒன்றல்ல.

சாலைக் காருக்கே 10டபிள்யூ-60 சொன்ன நிறுவனமும் உண்டு என்பதை மறைக்கக்கூடாது. பிஎம்டபிள்யூவின் இ46 எம்3 காரில் இருந்த எஸ்54 எஞ்சினுக்குக் காஸ்ட்ரால் 10டபிள்யூ-60 தான் விதி. அந்த எஞ்சினை அப்படித்தான் வடிவமைத்தார்கள். அதே எம் பிரிவின் பிற்கால டர்போ எஞ்சின்கள் மெல்லிய கிரேடுகளுக்கு மாறிவிட்டன. எஞ்சினைப் பார்த்துத்தான் ஆயில்.

யாருக்கு எது?

தினமும் ஆபீஸ், பள்ளிக்கூடம், மாதம் ஒருமுறை ஊர். இப்படி ஓடும் காருக்கு மூன்றாவது வழிதான், யோசிக்கவே வேண்டாம். கையேட்டை எடுத்துக் கிரேடையும் தரத்தையும் பாருங்கள். டின்னின் பின்பக்கத்தைப் படிக்கும்போது ஒரு நுணுக்கம் இருக்கிறது. 'அப்ரூவல்' என்று போட்டு எம்பி (மெர்சிடிஸ் பென்ஸ்) 229.5, ஃபோக்ஸ்வாகன் 504 00 போன்ற எண் இருந்தால், அந்தக் கார் கம்பெனி சோதித்து ஒப்புக்கொண்டது என்று பொருள். 'ரெக்கமண்டட்', 'சூட்டபிள்' என்று இருந்தால் ஆயில் கம்பெனி தானே சொல்லிக்கொள்வது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே அளவு எழுத்தில் அச்சாகியிருக்கும். வாரண்டி இன்னும் முடியாத கார் என்றால் இது இன்னும் முக்கியம். எஞ்சினில் பிரச்சினை என்று போய் நிற்கும்போது ஊற்றிய ஆயில் தரத்துக்குள் வரவில்லை என்றால் வாதாட நம்மிடம் ஒன்றும் இருக்காது.

பணத்தையும் பார்த்துவிடலாம். ரேஸ் ஆயிலின் விலை நல்ல சாலை சிந்தெடிக்கைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்வோம். பத்தாயிரம் கிலோமீட்டருக்குப் பதிலாக மூவாயிரத்திலோ ஐயாயிரத்திலோ மாற்ற வேண்டும். கிலோமீட்டர் கணக்கில் பார்த்தால் செலவு மூன்று முதல் ஏறத்தாழ ஏழு மடங்கு வரை. மாற்றாமல் பத்தாயிரமே ஓட்டுகிறவர் அதைவிட மோசமான பேரம் பேசியிருக்கிறார். அந்தப் பணத்தில் சாதாரண ஃபுல் சிந்தெடிக்கை ஐயாயிரத்துக்கு ஒருமுறை மாற்றினால், குறுகிய தூரம் ஓடும் காருக்கு அதுவே பெரிய உபகாரம்.

அடுத்து, அவ்வப்போது இருங்காட்டுக்கோட்டைக்கோ செட்டிப்பாளையத்துக்கோ டிராக் டே, அதாவது சொந்தக் காரை டிராக்கில் ஓட்டிப்பார்க்கும் நாளுக்கு, போகிறவர்கள். இங்கேதான் நான்காவது வழி வருகிறது. இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி அமெரிக்கக் காரான செவர்லே கார்வெட். 2014-இலிருந்து வந்த தலைமுறையில் சாலைக்கு 5டபிள்யூ-30 ஊற்று, டிராக்குக்குப் போனால் 15டபிள்யூ-50 ஊற்று, திரும்பி வந்தால் மறுபடி 5டபிள்யூ-30-க்கு மாற்று என்று கம்பெனியே சொன்னது. யாருக்குத்தான் இந்த அலைச்சல் பிடிக்கும்? 2019 மாடலில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே 0டபிள்யூ-40 என்று மாற்றினார்கள். அது ரேஸ் ஆயில் இல்லை, கன்வெர்ட்டருக்கு ஒத்துவரும் சாலை ஆயில். நிசான் ஜிடி-ஆர் காரும் 0டபிள்யூ-40 சாலை சிந்தெடிக்கோடுதான் தொழிற்சாலையிலிருந்து வந்தது. அத்தனை குதிரைசக்திக்கே அது போதுமென்றால் நம் ஹேட்ச்பேக்குக்கு எதற்குப் பந்தய டின்?

ஆக, உங்கள் காரின் கையேடு 5டபிள்யூ-30 உடன் 5டபிள்யூ-40-ஐயும் அனுமதித்தால், டிராக் நாளுக்கு அந்த 40 கிரேடை எடுத்துக்கொள்ளுங்கள். சூட்டிலும் விசையிலும் படலம் எவ்வளவு தாங்கும் என்பதை ஹெச்டிஹெச்எஸ் என்ற அளவில் சொல்வார்கள். 20 கிரேடுக்குக் குறைந்தபட்சம் 2.6, 30-க்கு 2.9, 5டபிள்யூ-40-க்கு 3.5. ஏசியா சி3 கேட்பதும் 3.5 தான், கூடவே சாம்பலும் குறைவு. இருபது நிமிட ஓட்டங்களுக்கு இது போதும். டிராக்கிலிருந்து வந்ததும் ஆயிலை மாற்றிவிடுங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆயில் பத்து டிகிரி சூடு கூடினால் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது.

இன்னொன்று. டிராக்கில் எஞ்சின் போவதற்கு ஆயிலின் பிராண்டைவிட அடிக்கடி காரணமாவது, நீண்ட வளைவில் சம்ப்பில் இருக்கும் ஆயில் ஒருபக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்சுவது. எந்த விலை டின்னாலும் அதைத் தடுக்க முடியாது. டிப்ஸ்டிக்கில் மேல் கோடு வரை ஆயில் இருக்கிறதா என்று பார்ப்பதும், அடிக்கடி போகிறவர்கள் தடுப்புத் தகடு வைத்த சம்ப் போடுவதும்தான் வழி.

அசல் ரேஸ் ஆயில் பொருந்துவது எஞ்சினைப் பிரித்து பந்தயத்துக்கென்றே கட்டி, கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு, டிரெய்லரில் டிராக்குக்குப் போகும் காருக்கு. அதை வைத்திருக்கிறவருக்கு எந்த ஆயில் என்று எஞ்சின் கட்டியவரே சொல்லியிருப்பார்.

கடைசியாக எனக்குப் பிடித்த கூட்டம், பழைய கார்க்காரர்கள். 1489 சிசி பிஎம்சி எஞ்சின் வைத்த அம்பாசடர், பியட் 1100 வழிவந்த பிரீமியர் பத்மினி. இவற்றின் டேப்பெட் தட்டையானது. உருளாமல் கேம்ஷாஃப்டோடு தேய்ந்துகொண்டே வேலை செய்யும். 800 பிபிஎம் ஆயில் இவற்றுக்குக் குறைவுதான். கன்வெர்ட்டர் பற்றிய கவலையும் இல்லை, சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதுப் பெட்ரோல் கார்களுக்கு அது கட்டாயமானதே 1995 ஏப்ரலில்தான். இவர்களுக்கு விஆர்1 போன்ற, இரண்டாவது வகை 20டபிள்யூ-50 அருமையாகப் பொருந்தும். டிடெர்ஜென்ட் போதிய அளவு இருக்கும், ஜிங்க்கும் இருக்கும். ஆனாலும் என்னைக் கேட்டால் முதலில் சாதாரண 20டபிள்யூ-50 மினரல் ஆயிலின் விவரத் தாளைப் பாருங்கள் என்பேன். 800 வரம்பு மெல்லிய கிரேடுகளுக்குத்தான், 50 கிரேடுக்கு அது இல்லை. சிஐ-4 தரத்தில் வரும் 15டபிள்யூ-40 டீசல் ஆயிலிலும் 1000-க்கு மேல் பாஸ்பரஸ் இருப்பது வழக்கம். லாரிக் கடையில் பாதி விலைக்குக் கிடைப்பதை ரேஸ் டின்னில் வாங்க வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். கேம்ஷாஃப்ட் புதிதாக மாற்றியிருந்தால் மட்டும் தயங்காமல் ஜிங்க் அதிகமுள்ளதையே ஊற்றி, முதல் இருபது நிமிடம் 2000 ஆர்பிஎம்முக்குக் குறையாமல் ஓட்டுங்கள். அந்த இருபது நிமிடத்தில்தான் டேப்பெட்டின் ஆயுள் தீர்மானமாகிறது. அதற்காக ஜிங்க்கைத் தனி பாட்டிலாக வாங்கி மேலும் மேலும் சேர்க்க வேண்டாம். அளவு மிஞ்சினால் அதே சேர்மம் இரும்பை அரிக்கத் தொடங்கும்.

ஏற்கெனவே ஊற்றிவிட்டால்?

பயப்பட ஒன்றுமில்லை. ஒரு தடவை ஊற்றியதால் கன்வெர்ட்டர் போய்விடாது, எஞ்சினும் கெடாது. பெட்ரோல் கார் என்றால் மூவாயிரம் கிலோமீட்டருக்குள் இறக்கிவிட்டு, ஃபில்டரையும் மாற்றி, கையேட்டில் சொன்ன ஆயிலுக்குத் திரும்புங்கள். எஞ்சினைக் கழுவும் ஃபிளஷ் எதுவும் தேவையில்லை. டிபிஎஃப் உள்ள டீசல் என்றால் அவ்வளவு காத்திருக்காமல் முடிந்த அளவு சீக்கிரம். அதுவரை வாரம் ஒருமுறை காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். அளவு வேகமாக இறங்கினால், அது டின்னில் என்ன எழுதியிருந்தது என்பதைப் பொறுத்த விஷயம் இல்லை. பிஸ்டன் ரிங், வால்வு சீல், டர்போ சீல் என்று மெக்கானிக்கைத் தேடச் சொல்லுங்கள்.